சமமான சுமையும் நீதியான சுமையும்

பலர் கூடிச் செய்யும் எந்த வேலையிலும் ஒரு கேள்வி தவிர்க்க முடியாதவாறு எழுகின்றது. யாருக்கு எவ்வளவு? விளைந்ததைப் பங்கிடும்போது எழும் இக்கேள்வியை மனிதகுலம் நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளது. நிலத்தின் பங்கு, நெல்லின் பங்கு, கூலியின் பங்கு என்பன பற்றிச் சட்டங்களும் அறநூல்களும் நிறையப் பேசியுள்ளன. ஆனால் உழைப்பைப் பங்கிடும்போது எழும் அதே கேள்வியை நாம் அத்துணை கூர்ந்து நோக்குவதில்லை. சுமையை எவ்வாறு பங்கிடுவது? சமமாகப் பங்கிட்டுவிட்டால் அது நீதியாகப் பங்கிட்டதாகிவிடுமா? இவ்வினாவையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

இதனை ஏட்டளவில் நிற்கும் தத்துவ விசாரமென்று எவரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள் தொட்டு, இத்தீவின் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கான இளம்பெண்கள் தையல் இயந்திர வரிசைகளின் முன் சென்று அமர்ந்துள்ளனர். அவர்கள் கையாளும் இயந்திரத்தின் வணிகப் பெயரையே அவர்களுக்கும் சூட்டி, 'ஜூக்கிப் பெண்கள்' என்று ஏளனமாக அழைக்கும் வழக்கமும் உண்டாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. நேற்று எமது வகுப்பறைகளில் அமர்ந்து இலக்கணம் கற்றவர்கள் இன்று அவ்வரிசைகளில் இருக்கின்றார்கள். அவர்களுடைய ஒவ்வொரு நாளையும் ஆளுகின்ற கணக்கு ஒன்று உண்டு. அதற்கு 'வரிசையைச் சமன்செய்தல்' என்று பெயர்.

அக்கணக்கு யாதென்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒரு சட்டையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே தைப்பதில்லை. வேலை பல கூறுகளாகப் பிரிக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டுக்காக ஐந்து பேர் கொண்ட சிறு வரிசை ஒன்றைக் கற்பனை செய்வோம். முதலாமவள் தோள்மூட்டை இணைக்கின்றாள். அதற்கு 35 செக்கன் ஆகின்றது. இரண்டாமவள் கொலரைப் பொருத்துகின்றாள், 60 செக்கன். மூன்றாமவள் கைகளைப் பொருத்துகின்றாள், 55 செக்கன். நான்காமவள் பக்கங்களை மூட்டுகின்றாள், 50 செக்கன். ஐந்தாமவள் விளிம்பை மடித்துத் தைக்கின்றாள், 40 செக்கன். ஆக ஒரு சட்டைக்குரிய மொத்த வேலை 240 செக்கன். ஆயினும் வரிசையிலிருந்து சட்டைகள் 60 செக்கனுக்கு ஒன்றாகவே வெளிவரும். கொலர் பொருத்துபவளின் வேகமே முழு வரிசையின் வேகமாகிவிடுகின்றது. மணிக்கு 60 சட்டைகள். அவள் முன் துணி குவிகின்றது. அவளுக்குப் பின்னிருப்போர் கைகட்டிக் காத்திருக்கின்றனர்.

இந்நிலையில் என்ன நடக்கும்? மேற்பார்வையாளர் அவளைக் கடிந்துகொள்வார். அயலில் இருப்போரும் அவளைப் பார்த்து முணுமுணுப்பர். அவளே தன்னை மந்தமானவள் என்று எண்ணிக் கூசுவாள். வரிசையைச் சமன்செய்யும் கணக்கு இங்கேதான் உள்ளே வருகின்றது. குற்றம் ஆளில் இல்லை, பங்கீட்டில் இருக்கின்றது என்று அது காட்டுகின்றது. கொலர் வேலையின் ஒரு சிறு பகுதியைத் தோள்மூட்டுபவளிடம் மாற்று; கை பொருத்துவதிலும் பக்கம் மூட்டுவதிலும் சில செக்கன்களை விளிம்பு தைப்பவளிடமும் தோள்மூட்டுபவளிடமும் மாற்று; ஒவ்வொருவருக்கும் 48 செக்கன் வரும் என்று அது சொல்கின்றது. நடைமுறையில் வேலையை இவ்வாறு நூல் பிடித்தாற்போலப் பிரிக்க முடியாது. தோள் மூட்டாமல் கொலர் பொருத்தவியலாது என்பது போன்ற முன்பின் ஒழுங்குகளும் இடைமறிக்கும். எனினும் கணக்கின் நோக்கம் இதுவே.

இக்கணக்கை நாம் இகழவில்லை. பழி சுமந்த ஒருத்தியைப் பழியிலிருந்து விடுவிக்கும் அறிவு எதுவாயினும் அது மதிப்புக்குரியது. மனிதரின் சோம்பல் என்றும் திறமையின்மை என்றும் நாம் தீர்ப்புக் கூறும் எத்தனையோ விடயங்கள் உண்மையில் அமைப்பின் குறைபாடுகளே என்பதை விஞ்ஞான நோக்கு பலமுறை உணர்த்தியிருக்கின்றது. அந்த வகையில் இதுவும் ஒரு விஞ்ஞானமே.

இது புதிய விஞ்ஞானமும் அன்று. 1776இல் ஆதம் ஸ்மித் ஊசித் தொழிலை எடுத்துக்காட்டி, வேலையைப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்தமையை விளக்கினார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதற்பாகத்தில் கார்ல் மார்க்ஸ் அச்செழுத்து வார்க்கும் தொழிலை எடுத்துக்கொள்கின்றார். வார்ப்பவர் மணிக்கு 2,000 எழுத்துகளை வார்க்கின்றார். உடைத்துப் பிரிப்பவர் 4,000 எழுத்துகளைப் பிரிக்கின்றார். மெருகிடுபவர் 8,000 எழுத்துகளுக்கு மெருகிடுகின்றார். ஆதலின் ஒரு மெருகிடுபவருக்கு நான்கு வார்ப்பவரும் இரண்டு பிரிப்பவரும் வேண்டும். இன்று பொறியியலாளர் கணினியிற் போடும் கணக்கின் எலும்புக்கூடு இதில் முழுமையாக இருக்கின்றது. 1955இல் சால்வசன் என்னும் அமெரிக்கர் இதனை முறையான கணிதப் பிரச்சினையாக வகுத்து வெளியிட்டார். அது முதல் இத்துறையில் எண்ணற்ற ஆய்வுகள் வெளிவந்துள்ளன.

ஆனால் எமது வினா கணிதத்தைப் பற்றியதன்று. ஐந்து பேருக்கும் 48 செக்கன் என்று சமன்செய்தாகிவிட்டது என்றே கொள்வோம். அதன் பின் என்ன நிகழ்கின்றது?

ஒரு வழி இது. வரிசையை 48 செக்கனுக்கு ஒன்று என்ற வேகத்தில் ஓடவிடலாம். மணிக்கு 60 சட்டைகள் வந்த இடத்தில் 75 வரும். எட்டு மணி நேரத்தில் 480 சட்டைகளுக்குப் பதிலாக 600.

இன்னொரு வழியும் உண்டு. மொத்த வேலை 240 செக்கன் தானே? 60 செக்கன் வீதம் நால்வருக்குப் பங்கிட்டால், அதே 480 சட்டைகளை நான்கு பேர் தைத்துவிடலாம். ஐந்தாமவளை வரிசையிலிருந்து எழுப்பிவிடலாம். இது எமது கற்பனை அன்று. யப்பானில் டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவின் வழிவந்த கோட்பாட்டில், மிஞ்சும் ஓய்வு நேரத்தை எல்லோருக்கும் சமமாகப் பகிரக் கூடாது என்பது ஒரு விதி. அதனை ஓரிடத்தில் திரட்ட வேண்டும்; திரட்டினால்தான் ஓர் ஆளை வரிசையிலிருந்து விடுவிக்கலாம். விடுவிக்கப்பட்டவருக்கு வேறு வேலை கொடுக்கப்படும் என்பது அம்முறையை ஆதரிப்போரின் விளக்கம்.

மூன்றாவது வழியும் இருக்கின்றது. அதனை எவரும் எடுத்துரைப்பதில்லை. அதே ஐந்து பேரும் அதே 480 சட்டைகளையும் ஆளுக்கு 48 செக்கன் வீதம் தைக்கலாம். அப்போது வேலை 6 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 96 நிமிடங்கள் மிஞ்சும். அதனைச் சட்டைக்கு 12 செக்கனாகச் சிறுகச் சிறுக மூச்சுவிடவும் பயன்படுத்தலாம். ஒன்றாகத் திரட்டி முன்னதாகவே வீடு செல்லவும் பயன்படுத்தலாம்.

மூன்று வழிகளுக்கும் கணக்கு ஒன்றே. எதனைத் தெரிவது என்று கணக்கு சொல்வதில்லை. அது சொல்லவும் முடியாது. பெருக்கலும் வகுத்தலும் முடிந்த இடத்தில், இந்த மிச்சம் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்து நிற்கின்றது. அறவியல் தொடங்கும் இடம் அதுவே. அந்தத் தெரிவைச் செய்துவிட்டு, 'எல்லாம் கணக்கின்படி நடக்கின்றது' என்று கூறுவது கணக்கின் மேல் பொய்ப்பழி சுமத்துவதாகும்.

இன்னும் நுணுகி நோக்கினால் ஒரு விந்தையான உண்மை புலப்படும். கொலர் பொருத்தியவளின் சுமையைக் குறைப்பதற்காகவே இச்சமன்பாடு தொடங்கிற்று. முன்னர் அவள் 60 செக்கனில் 60 செக்கனும் உழைத்தாள். மணிக்கு 60 நிமிடமும் ஓயாத உழைப்பு. முதல் வழியில் அவள் 48 செக்கனில் 48 செக்கனும் உழைக்கின்றாள். மணிக்கு அதே 60 நிமிடம். இரண்டாவது வழியிலும் நால்வரும் 60 செக்கனுக்கு 60 செக்கன் உழைக்கின்றனர். எவளை முன்னிட்டு இத்தனையும் செய்யப்பட்டதோ அவளுக்கு ஒரு நிமிடமேனும் இளைப்பாறக் கிடைக்கவில்லை. மாறாக, முன்னர் மணிக்கு 35 நிமிடம் உழைத்துவந்த தோள்மூட்டுபவளும், 40 நிமிடம் உழைத்துவந்த விளிம்பு தைப்பவளும் இப்போது முழு மணியும் உழைக்கின்றனர். சுமை மிகுந்தவளின் தலையிலிருந்து எதுவும் இறக்கப்படவில்லை. ஏனையோரின் தலையில் அவளளவுக்கு ஏற்றப்பட்டுள்ளது. மூன்றாவது வழி ஒன்றிலே மட்டுமே அவள் உண்மையில் இளைப்பாறுகின்றாள்.

சமம் என்ற சொல்லின் இரட்டை முகம் இங்கே வெளிப்படுகின்றது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதும் சமன்செய்தலே. மேட்டின் உயரத்துக்கு எல்லா இடத்தையும் மண்ணிட்டு உயர்த்துவதும் சமன்செய்தலே. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதனால், பின்னதைச் செய்துவிட்டு முன்னதற்குரிய புகழைப் பெற்றுக்கொள்ள முடிகின்றது.

சிலர் கேட்கலாம்: அந்த ஓய்வுச் செக்கன்கள் வீணாய்ப் போனவை தானே? சம்பளம் கொடுத்தவருக்கு உரிய நேரம் தானே? தோள்மூட்டுபவள் கைகட்டி இருந்த 25 செக்கனால் யாருக்கு என்ன பயன்?

இக்கேள்விக்கு விடை சொல்ல அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைப் பார்ப்போம். ஒகாயோ மாநிலத்தின் லோட்ஸ்டவுன் என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி அமைத்த தொழிற்சாலையில் மணிக்கு ஏறத்தாழ 100 மோட்டார் வண்டிகள் வரிசையிலிருந்து வெளிவருமாறு திட்டமிடப்பட்டிருந்தது. அஃதாவது ஒரு வண்டிக்கு 36 செக்கன். அங்கிருந்த இளந்தொழிலாளர் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அருகருகே நின்ற இருவரில் ஒருவர் சிறிது நேரம் இருவரின் வேலையையும் விரைந்து செய்வார். மற்றவர் அவ்வேளையில் இளைப்பாறுவார். பின்னர் இடம் மாறிக்கொள்வர். சிதறிக் கிடந்த செக்கன்களை அவர்கள் நிமிடங்களாகத் திரட்டினர். இதுவும் வேலையைச் சமன்செய்தலே. கடிகாரம் ஏந்திய எவருடைய துணையுமின்றி உழைப்பவர் தாமே செய்துகொண்ட சமன்பாடு இது. முகாமைத்துவம் இதனைத் தடைசெய்ய முற்பட்டது. ஆட்கள் குறைக்கப்பட்டு எஞ்சியோருக்கு வேலை கூட்டப்படுகின்றது என்ற முறைப்பாடு வலுத்தது. 1972 மார்ச்சில் மூன்று வாரங்கள் அத்தொழிற்சாலை வேலைநிறுத்தத்தால் ஸ்தம்பித்தது.

ஒரே மிச்சத்தைத் தொழிலாளி திரட்டினால் அது ஒழுங்கீனம். முகாமையாளர் திரட்டினால் அது விஞ்ஞானம். இந்த வேறுபாட்டுக்குக் கணிதத்தில் ஆதாரம் இல்லை. அந்தச் செக்கன்கள் வீணாய்ப் போனவை அல்ல என்பதற்கும் இதுவே சான்று. நிமிர்ந்து உட்காரவும், கண்ணை ஊசியிலிருந்து எடுத்து யன்னலை நோக்கவும், அயலவளிடம் ஒரு வார்த்தை பேசவும், பிந்திப்போன ஒருத்திக்குக் கைகொடுக்கவும் அந்தச் செக்கன்களே இடந்தந்தன. கணக்கேட்டில் அவற்றுக்குப் பூச்சியம் என்று பெயர். உழைப்பவளின் உடம்பில் அவற்றுக்கு வேறு பெயர்.

அடுத்து, செக்கன் என்ற அளவுகோலைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். 48 செக்கனும் 48 செக்கனும் எண்ணளவில் சமம். ஆனால் கருந்துணியிற் கருநூலால் தைப்பவளின் 48 செக்கன் கண்ணைத் தின்கின்றது. நின்றபடி சூட்டுப்பெட்டி போடுபவளின் 48 செக்கன் காலைத் தின்கின்றது. பதினெட்டு வயதில் அது ஒன்று. நாற்பது வயதில் வேறொன்று. கருவுற்றிருக்கும் காலத்தில் முற்றிலும் வேறு. ஆசிரியர்களாகிய எமக்கு இது தெரியாத விடயமன்று. பாடசாலை நேரசூசியில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இத்தனை பாடவேளைகள் என்று சமமாகப் பங்கிடப்படுகின்றது. இருபது பேர் கொண்ட வகுப்பில் ஒரு பாடவேளையும், நாற்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் மதிய உணவுக்குப் பிந்திய ஒரு பாடவேளையும் நேரசூசித் தாளில் ஒரே அளவான கட்டங்கள். கற்பிப்பவரின் தொண்டைக்கு அவை ஒன்றல்ல. மலையகத் தோட்டங்களில் நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று அளவு விதிப்பதும், அதனை எட்டாதவருக்கு 'அரைப்பேர்' போடுவதும் யாவரும் அறிந்தவையே. செங்குத்தான மலைச்சரிவும் சமதரையும், செழித்த தேயிலையும் முதிர்ந்த தேயிலையும் அத்தராசுக்கு ஒன்றே.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோலின் பெருமை அது இரு தட்டிலும் ஒரே தன்மையான பொருளை நிறுப்பதில் இருக்கின்றது. கண்ணின் சோர்வையும் காலின் சோர்வையும் எதிரெதிர்த் தட்டில் இட்டு, இரண்டையும் கடிகாரத்தால் நிறுப்பதை அந்த உவமை அங்கீகரிக்குமா என்பது ஐயம்.

ஆயினும் அளத்தலையே விட்டுவிடுவோம் என்று சொல்வதும் தவறாகும். முற்போக்கான எண்ணமுடையோரிடையேயும் இவ்வாறு கருதுவோர் உளர். கடிகாரம் முதலாளியின் கருவி, ஆகவே அதனை வீசியெறிவோம் என்பர். இக்கருத்து கேட்பதற்கு வீரமாக இருக்கின்றது. அளவில்லாத உழைப்பு எங்கே உண்டென்று சற்று நோக்குவோம். எமது வீடுகளின் அடுக்களைகளில் எவரும் கடிகாரத்துடன் நிற்பதில்லை. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று கணக்கு வைப்பதில்லை. அதன் விளைவு, வீட்டு வேலை முழுவதும் ஒருத்தியின் தலையில் விழுவதும், அதுவே இயல்பென்று அனைவரும் நம்புவதுமாகும். தையல் வரிசையில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தவள் மீண்டும் அடுப்பின் முன் நிற்கின்றாள். அளக்கப்படாத இடத்தில் வலியவர் மெலியவரின் மேல் சுமையைத் தள்ளிவிடுவது எளிது. அளவு வேண்டும். ஆனால் அளவை வகுப்பதில் அளக்கப்படுபவருக்கும் குரல் வேண்டும்.

கூடி உழைக்கும்போது வேகத்தை உழைப்பவரே வகுத்துக்கொள்ளும் முறை எமது மண்ணுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் நீரிறைக்கும் பம்பு பரவுவதற்கு முன்னர் துலா மிதித்தே நீர் இறைத்தனர். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர், கிணற்றடியில் பட்டை பிடிப்பவர், தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் எனப் பலர் ஒரு வரிசையாக உழைத்தனர். பாத்தி நிரம்பிவிட்டால் தண்ணீர் மாறுபவர் குரல் கொடுப்பார். கால் சோர்ந்தவர் இறங்க மற்றவர் ஏறுவார். வேலையின் கதி அவர்களுடைய குரலிலும் காலிலும் இருந்தது. இதனைப் பொற்காலமென்று நாம் போற்ற வரவில்லை. தோட்டம் யாருடையது, பிறர் தோட்டத்தில் மிதித்தவர் யார் என்று கேட்டால் சொத்தும் சாதியும் விடையாக வந்து நிற்கும். எனினும் வரிசையாக உழைப்பவர் தமது வேகத்தைத் தாமே ஒழுங்கு செய்துகொள்ள வல்லவர் என்பதற்கு அது சான்றாகும்.

தொழில்நுட்பம் வளர்ந்தால் சுமை தானாகவே குறைந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இதனையும் வரலாற்றில் வைத்துச் சோதிப்போம். மிச்சிக்கன் மாநிலத்தின் ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி போர்ட் 1913இல் நகரும் பொருத்து வரிசையை ஏற்படுத்தினார். தீப்பொறிக்கு மின் வழங்கும் காந்தக் கருவியை ஒருவர் தனியே பொருத்த ஏறத்தாழ 20 நிமிடம் ஆயிற்று. வேலையை 29 கூறுகளாகப் பிரித்தபோது அது 13 நிமிடம் 10 செக்கனாகக் குறைந்தது. பின்னர் 1914இல் வரிசையின் உயரத்தை 8 அங்குலம் கூட்டினர்; 7 நிமிடமாயிற்று. வேகத்தைத் திருத்தியமைத்தபோது 5 நிமிடமாயிற்று. வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த 12 மணி 28 நிமிடம் ஆன இடத்தில் 1 மணி 33 நிமிடம் போதுமாயிற்று.

அந்த 8 அங்குலத்தை எண்ணிப் பாருங்கள். அது உழைப்பவரின் முதுகுக்குக் கிடைத்த உண்மையான விடுதலை. குனிந்து நின்றவர் நிமிர்ந்தார். இதனை நல்லதல்ல என்று எவர் சொல்லக்கூடும்? ஆனால் குனியாததால் மிஞ்சிய நேரம் நிமிர்ந்தவரிடம் தங்கவில்லை. அடுத்த கருவி அந்த இடத்தை நிரப்பிவிட்டது. 1913ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையில் ஆட்கள் விலகிய வீதம் நூற்றுக்கு 370. அஃதாவது ஓராண்டில் முழுத் தொழிலாளர் படையும் மூன்று முறைக்கு மேல் மாற வேண்டியதாயிற்று. எவரும் மேடையேறிப் பேசவில்லை. கால்களால் வாக்களித்துவிட்டு வெளியேறினர்.

1914 ஜனவரியில் போர்ட் கம்பனி வேலை நாளை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தது. நாளொன்றுக்கு 5 டொலர் வரை கொடுக்கவும் முன்வந்தது. மிச்சத்தைப் பங்கிட முடியும் என்பதற்கு இது வரலாற்றுச் சான்று. பங்கிட்டதால் கம்பனி அழிந்துவிடவும் இல்லை. ஆயினும் அப்பங்கு உரிமையாகக் கொடுக்கப்படவில்லை. தொழிலாளி எவ்வாறு குடும்பம் நடத்துகின்றான், குடிக்கின்றானா, சேமிக்கின்றானா என்று விசாரிக்கக் கம்பனியின் பரிசோதகர்கள் வீடு தேடிச் சென்றனர். உரிமையாக வரவேண்டியது அருளாக வரும்போது அதனுடன் கட்டளையும் வந்து சேர்கின்றது.

எமது வாதத்துக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதனை மழுப்பிச் செல்வது நேர்மையாகாது. இன்று எமது ஆடைத் தொழிற்சாலைகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கொள்வனவாளர்களுக்காகத் தைக்கின்றன. ஒரு சட்டைக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கின் மேலேயே விலை பேசப்படுகின்றது. ஒரு தொழிற்சாலை மூன்றாவது வழியைத் தெரிந்து, மிச்சம் முழுவதையும் ஓய்வாகக் கொடுத்தால், கட்டளைகள் வேறு தொழிற்சாலைக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடும். வரிசை மூடப்படும். வேலையே இல்லாதவளுக்கு 96 நிமிட ஓய்வால் என்ன பயன்?

இம்மறுப்பில் உண்மை இருக்கின்றது. தனியொரு தொழிற்சாலையின் நல்லெண்ணத்தால் இதனை முழுமையாகத் தீர்க்க முடியாது. வேலை நாள் எட்டு மணியாகக் குறைந்தது சட்டத்தினாலும், எல்லை கடந்த போராட்டத்தினாலுமேயன்றித் தனிமனிதரின் இரக்கத்தினால் அன்று. ஆனால் இம்மறுப்பு எதனை நிரூபிக்கின்றது? முதலாவது வழியைத் தெரியும்படி சந்தை வற்புறுத்துகின்றது என்பதையே. வற்புறுத்தப்பட்டுச் செய்த செயல் வற்புறுத்தப்பட்டதனால் நீதியாகிவிடாது. கப்பல் தாழும்போது பொருள்களைக் கடலில் எறிவோர், எறிந்தது சரியான பங்கீடு என்று பேசிக்கொள்வதில்லை. மேலும், 480க்கும் 600க்கும் நடுவே 540 என்றோர் எண்ணும் உண்டு. மிச்சத்தில் ஒரு பகுதியைச் சம்பளமாகவும், ஒரு பகுதியை ஓய்வாகவும், ஒரு பகுதியை விலைக் குறைப்பாகவும் பங்கிடும் வழிகள் பல. அவற்றில் எது இயலும் என்பதை ஆராய வேண்டுமாயின், மிச்சம் உண்டு என்பதையும் அது எங்கே போகின்றது என்பதையும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 'சமன்செய்துவிட்டோம்' என்ற சொல் அந்த ஒப்புதலையே மறைத்துவிடுகின்றது.

வேறுவிதமான அமைப்புகள் முயன்று பார்க்கப்படாமலும் இல்லை. சுவீடனில் வொல்வோ கம்பனி 1974இல் கல்மாரிலும், 1989இல் உடேவல்லாவிலும் வழமையான வரிசையைக் கைவிட்ட தொழிற்சாலைகளைத் திறந்தது. உடேவல்லாவில் சிறு குழுக்கள் முழு வண்டியையும் தாமே பொருத்தின. வேலையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. விற்பனை வீழ்ச்சியுற்ற காலத்தில் 1993இல் உடேவல்லாவும் 1994இல் கல்மாரும் மூடப்பட்டன. மூடப்பட்டதைக் காட்டி அம்முயற்சியைப் பகற்கனவென்று கூறுவோர் உளர். நான்கு ஆண்டுகள் அங்கே வண்டிகள் செய்யப்பட்டு, வீதிகளில் ஓடின என்பதை நாம் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

அப்படியாயின் ஒரு பங்கீடு நீதியானதென்று எப்படி அறிவது? நாம் இரண்டு சோதனைகளை முன்வைக்கின்றோம். பங்கிட்டவர், தாம் பங்கிட்ட பின்னர், அவ்வரிசையின் எந்த நிலையிலும் அமர்ந்து ஒரு மாதம் உழைக்க மனமொப்புவாரா? தோள்மூட்டுக்கு ஒப்பி, கொலருக்குத் தயங்குவாராயின் அவர் செய்த சமன்பாட்டில் எங்கோ கல் கிடக்கின்றது. எந்த நிலைக்குமே தயங்குவாராயின் வரிசை முழுவதுமே அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டிருக்கின்றது. அடுத்த சோதனை மிச்சத்தைப் பற்றியது. சமன்செய்ததால் மிஞ்சிய செக்கன்கள் எவை, அவை யாரிடம் சென்றன என்ற கணக்கு, அச்செக்கன்களைத் தந்தவர்களுக்கு வெளிப்படையாகக் காட்டப்படுகின்றதா? காட்டக் கூசும் கணக்கு நீதியான கணக்காயிருப்பது அரிது.

இவ்விரு சோதனைகளுக்கும் பேரறிவு வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த பாடசாலை மாணவி எவளும் இக்கட்டுரையிற் கண்ட மூன்று வழிகளையும் தானே கணித்துக்கொள்வாள். எமது பிள்ளைகளுக்கு நாம் வகுத்தல் கற்பிக்கின்றோம். ஐந்து பேருக்கு 240ஐப் பங்கிடுக என்று கேட்கின்றோம். 48 என்று எழுதினால் சரி போடுகின்றோம். அந்த விடையின் கீழே இன்னொரு வினாவை எழுத அவர்களைப் பழக்குவோம். முன்னர் ஒருத்தியிடம் இருந்த 25 செக்கன் இப்போது எங்கே? நாளை கட்டுநாயக்காவிலோ கிளிநொச்சியிலோ ஒரு வரிசையின் முன் அமரும்போது, அந்த வினாவைத் தன் மேற்பார்வையாளரிடமும் தன் சங்கத்திடமும் கேட்கக்கூடியவளாக அவள் இருக்க வேண்டும்.